அமெரிக்க நாடகத்துக்குத் தப்படிக்க வைத்தவளுக்கு

இன்றைக்குக் காலையில் இரத்தினபுரி மண்டபத்தின் பின்பக்கத்தில் தப்புக் காய்ச்சினோம். அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டு நெருப்பு மூட்டி, தர்சினியும் அவளுடைய தங்கச்சியும் ஆளுக்கொரு தப்பை எடுத்து, தோல் விறைக்கும்வரை சூட்டுக்கு முன்னால் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். தோல் சூடேறும்போது ஒரு வாடை வருமே, அந்த வாடை வந்ததும் நான் திரும்பிப் பார்த்தேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நீ நிற்க வேண்டிய இடம் அது. "இன்னுங் கொஞ்சம் காட்டு, இன்னும் தொம்முன்னுதான் கேக்குது" என்று நீ விரட்ட வேண்டிய நேரம் அது. நீ போய் ஒரு மழைக்காலம் முழுதாகக் கழிந்துவிட்டது. அதனால் நான்தான் விரட்டினேன்.

வாசல் காவல்காரர் ஓடி வந்து, "மளகெதரக்த, மிஸ்?" என்று கேட்டார். சாவு வீடா என்று கேட்கிறார், பாவம், அனுதாபத்தோடுதான் கேட்டார். இல்லை, இது நாடகத்துக்கு, அதுவும் அமெரிக்க நாடகத்துக்கு என்று சிங்களத்தில் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போனவர், இன்னும் இரண்டு அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து நெருப்பில் போட்டார். அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். தெரியாமல் கேட்டார், தெரிந்ததும் உதவினார். எல்லாம் தெரிந்தும் கேட்கிறவர் அதற்குப் பிறகுதான் வந்தார்.

அவர் விழாக்குழு ஆள். நம்முடைய தமிழர்தான். அந்த வேக்காட்டில் கழுத்துப்பட்டி வேறு. என்னை ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "டீச்சர், இது அமெரிக்க இசை நாடக விழா. எல்லா ஸ்கூலும் வந்திருக்கு. எழவு மேளத்த மேடையேத்தி நம்ம ஆளுங்க மானத்த வாங்காதீங்க" என்றார். நான் முறைத்தேன். உடனே சட்டம் பேசத் தொடங்கிவிட்டார். தப்பை வெளியே வைத்துவிட்டு வந்தால் நம்முடைய வாத்தியப் பதிவை மண்டபத்து ஸ்பீக்கரில் போடுவார்களாம். தப்போடுதான் வருவோம் என்றால் பதிவு கிடையாது, புள்ளியும் கிடையாது. உன் கசெட்டிலிருந்து நீ ராத்திரி பகலாக உட்கார்ந்து வெட்டி ஒட்டிய பதிவு அது. நம் முறை வருவதற்குள் முடிவு சொல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு விசயம் அவருக்குத் தெரியாது. உனக்கு இன்னும் தப்பு அடித்தாகவில்லை. நீ செத்த அன்றைக்கும் அடிக்கவில்லை. இந்த மேடையில் அடிக்காவிட்டால் உனக்கு எங்கேயுமே இல்லை.

நீயும் நானும் ஒரே நாளில்தான் அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ ஆங்கிலம், நான் கணக்கு. நான் அதே தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். நீ நிவித்திகல பஸாரில் பலசரக்குக் கடைக்காரரின் மகள். கடைக்கார வீட்டுப் பிள்ளை தோட்டத்துக்குள் எத்தனை நாளைக்குத் தாக்குப்பிடிக்கப் போகிறாள், அட்டை கடித்ததும் இடமாற்றம் கேட்டு ஓடிவிடுவாள் என்று நான் நினைத்தேன். நீயோ முதல் வாரத்திலேயே அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு என் கூடவே மலையேறினாய். ஏறும்போதே பாடினாய். இங்கிலீசுப் பாட்டு, அதுவும் மூச்சு வாங்காமல். இவளுக்குக் கிறுக்குத்தான் என்று முடிவு பண்ணினேன்.

அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு சொன்னாய். நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது தோட்டத்துத் துரை ஒருவர் பங்களாவைக் காலிபண்ணிக்கொண்டு போக, உன் அப்பா சாமான் ஏலத்தில் ஒரு ரெக்கோர்டர் வாங்கினார். அதோடு பெட்டி நிறையக் கசெட்டுகளும் வந்துவிட்டன. எல்லாம் அமெரிக்கா. பாதி பெரிய வாத்தியக் குழுக்கள், பாதி மேடை நாடகப் பாட்டுகள். கடையில் அப்பா பக்திப் பாட்டுப் போட்டு முடித்ததும் நீ வெங்காய மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து அதைப் போட்டுக் கேட்பாயாம். கருவாட்டு வாடையில் நியூயோர்க் போய் வந்தவள் என்று உன்னை எத்தனை தடவை கேலி பண்ணியிருக்கிறேன்.

கேலி பண்ணினாலும் என்னைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்கவைத்தாய். ஒரே இசை, இரண்டு கசெட்டில் இரண்டு நாள் கச்சேரியாக இருந்தது. ஒன்றில் நடத்துகிறவர் அவசரக்காரர், பித்தளைக் குழல்களை விரட்டி அடிப்பார். மற்றவர் நிதானம். இரண்டும் ஒன்றுதானே என்று நான் சொல்லிவிட்டேன். அதற்கு நீ கொடுத்த ஏச்சு இருக்கிறதே! நிதானக்காரர் கச்சேரியில் வயலின்கள் ஓய்கிற இடத்தில் சபையில் யாரோ ஒருவர் இருமுவார். "அந்த இருமல் வராட்டி எனக்கு அந்தப் பாட்டே இல்லடி. அங்க நெசமா ஆளுங்க ஒக்காந்திருக்காங்கன்னு அதுலதான் எனக்குத் தெரியும்" என்றாய். அதன் பிறகு எனக்கும் அந்த இருமல் எப்போது வரும் என்று காத்திருக்கிற வியாதி பிடித்துக்கொண்டது.

அந்தக் கசெட்டுகளில் ஒன்று சலவைக்காரப் பெண்களின் நாடகம். அமெரிக்கத் துறைமுக ஊர் ஒன்றில் சலவை ஆலையில் வேலை செய்யும் பெண்கள். மேற்பார்வைக்காரன் ஒருத்தியை நிறுத்திவிடுகிறான். மறுநாள் காலையில் எல்லாரும் அவன் முன்னால் வரிசையாக நிற்கிறார்கள், வேலையில் கை வைக்காமல் பாடுகிறார்கள். பாட்டின் நடுவில் குரல்கள் அடங்கி, டக்கட்ட டக்கட்ட என்று ஒரு சத்தம் கிளம்பும். கேட்டால் உடம்பு சிலிர்க்கும். கசெட்டோடு வந்த சின்னப் புத்தகத்தில் அந்த இடத்துக்கு நேராக ஒரே ஒரு சொல்தான் போட்டிருந்தது. அதை நீ ஆசிரியர் அறையில் என் மூக்குக்கு முன்னால் நீட்டினாய்.

"பாரு, டி, ஏ, பி. தப்புடி. அமெரிக்காவுல தப்பு அடிக்கிறாங்க."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். மலாயாவுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள், பீஜிக்குக் கொண்டு போனார்கள், இங்கேயும் கொண்டுவந்து கொட்டினார்கள். "நம்ம ஆளுகள கப்பலேத்தாத ஊரு ஏது?" என்று நீ கேட்டாய். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. யாரோ ஒருவர் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு அமெரிக்காவில் இறங்கியிருக்கிறார், அவ்வளவுதானே. ஆங்கிலம் படித்த நீயும் கணக்குப் படித்த நானும் மனப்பூர்வமாக அதை நம்பினோம். வேறு எந்த ஊரிலும் இரண்டு டீச்சர்மார் இப்படி ஏமாந்திருக்க முடியாது.

நாடகத்தைப் பள்ளிக்கூட விழாவில் போட்டே தீருவது என்று கிளம்பிவிட்டாய். தப்புக்கு ஆள் வேண்டும். சுப்பையா அண்ணன் வீட்டுக்குப் போனாய். கோயில் திருவிழாவுக்கும் சாவுக்கும் அவர் இல்லாமல் நம் தோட்டத்தில் ஒன்றும் நடக்காது, ஆனால் கோயிலுக்குள் அவர் நிற்கிற இடம் எப்போதும் வேலியோரம்தான். அவரே தயங்கினார். நீ அவருடைய மகள் தர்சினியைக் காட்டி, அவள் அடிக்கட்டும் என்றாய். பொம்பிளைப் பிள்ளை தப்படிக்கிறதா என்று அவர் வாயைத் திறப்பதற்குள் தர்சினி உள்ளே போய்த் தப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்தப் பிள்ளை நமக்கு முன்பே முடிவு பண்ணி வைத்திருந்தது.

பெற்றோர் கூட்டத்தில் பிரளயம். பள்ளிக்கூடத்துக்குள் எழவு மேளமா, சரஸ்வதி இருக்கிற இடமா இது என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். லயத்துக்காரர்கள்தான் கத்தினார்கள், என் சொந்தக்காரர்கள்தான் முன்னால் நின்று கத்தினார்கள். நீ எழுந்தாய். விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கூப்பிட அந்தக் காலத்தில் எதை அடித்தார்கள் என்று கேட்டாய். மலைக்கு வேலைக்குப் போகும் முன் ஆள் கணக்கெடுக்க எல்லாரையும் நிறுத்துகிற அந்தப் பெரட்டுக்குத் தப்புத்தான் அடித்தார்கள் என்பது அங்கே இருந்த கிழவர்களுக்கெல்லாம் தெரியும். "துரை அடிக்கச் சொன்னா எந்திரிச்சு ஓடுனீங்க. நம்ம புள்ள அடிச்சா மட்டும் தீட்டா?" என்றாய். அப்புறம் உன் பெரிய ஆயுதத்தை எடுத்தாய். அமெரிக்காவிலேயே அடிக்கிறார்கள், புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று அந்தச் சின்னப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாய். அமெரிக்கா என்றதும் கூட்டம் வாயை மூடிக்கொண்டது. எனக்கு அந்த இரண்டாவது காரணம்தான் இன்னும் எரிச்சல், ஆனால் வேலை நடந்தது.

நாடகமும் நடந்தது. சிலர் பாதியில் எழுந்து போனார்கள். போனவர்களில் சிலர் ஜன்னலுக்கு வெளியே நின்று கடைசிவரை பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வருசம் நானும் ஒரு கைபேசி வாங்கினேன். அதே நாடகத்தின் மேடைப் படம் ஒன்று ஒருநாள் என் கண்ணில் பட்டது. டக்கட்ட டக்கட்ட வரும் இடத்தில் எங்கேயடா தப்பு என்று தேடுகிறேன். தப்பைக் காணோம். பெண்கள் எல்லாரும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். சப்பாத்துக்கு அடியில் இரும்புத் தகடு. அந்தச் சத்தம்தான் இந்தச் சத்தம். புத்தகத்தில் போட்டிருந்த டி, ஏ, பி அந்த ஆட்டத்தின் பெயர், டப். உன்னிடம் கொண்டுவந்து காட்டினேன். நீ கைபேசியைப் பிடுங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தாய். பிறகு சிரித்தாய், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாய். "பெத்தவங்க கூட்டத்துல வச்சு எல்லாரையும் நல்லா ஏமாத்திட்டேன்டி" என்றாய். சரி, இனித் தப்பை நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன்.

நீ நிறுத்துகிற ஆளா! ஒரு வாரம் எங்கெங்கோ தேடிப் படித்துவிட்டு வந்தாய். அங்கே அடிமையாகக் கொண்டுபோன கறுப்பு மக்களிடம் மேளம் இருந்ததாம். மேளம் அடித்துத் தங்களுக்குள் சேதி சொல்லிக் கிளம்பிவிடுவார்கள் என்று பயந்து பல இடங்களில் மேளத்தையே தடைசெய்தார்களாம். மேளம் போனதும் அவர்கள் தாளத்தைக் காலுக்கு இறக்கிக்கொண்டார்களாம். அந்த ஆட்டம் வளர்ந்த வழியில் அதுவும் ஒன்று என்று சொல்லிக்கொண்டே வந்தவள், நடந்துகொண்டிருந்த இடத்திலேயே நின்றாய்.

"அவங்ககிட்ட மேளத்தப் புடுங்கிட்டாங்க, கால்ல அடிச்சாங்க. நம்ம மேளம் இன்னும் நம்ம கையில இருக்கு. நாம ஏன்டி கீழ வைக்கணும்?"



போன வருச மழைக்கு ஆறு பெருகி பஸார் முழுக்கத் தண்ணீர். கடைச் சாமானைக் காப்பாற்ற நீயும் உன் அண்ணனோடு சேற்றில் இறங்கினாய். காய்ச்சல் வந்தபோது சாதாரணக் காய்ச்சல் என்றாய். எலிக்காய்ச்சல் என்று தெரிந்தபோது சிறுநீரகம் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்துக் கண்டபடி ஏசினேன். காலில் புண்ணை வைத்துக்கொண்டு எவளாவது வெள்ளத்தில் இறங்குவாளா? இன்னும் ஏசுகிறேன். எனக்கு ஆறவில்லை.

உன் அம்மா, முறைப்படி தப்பு வேண்டும் என்று சுப்பையா அண்ணனுக்குச் சொல்லியனுப்பினார். அவர் வந்தார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கையை வீசிக்கொண்டு வந்தார். தப்பு எங்கே என்று கேட்டார்கள். "அந்தம்மா இது சாவு மேளம் இல்லைன்னு ஊருக்கெல்லாம் சொல்லிச்சு. அது சாவுக்கே நான் அடிச்சா என்னா அர்த்தம்? மேடையில அடிப்போம், அந்தம்மாவுக்கு" என்றார். திமிர் என்றார்கள். சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னார்கள். அவர் பாடையின் ஒரு பக்கத்துக்குத் தோள் கொடுத்தார். உன் அண்ணன் டவுனிலிருந்து பேண்ட் பிடித்துக்கொண்டு வந்தார். சத்தமாகத்தான் வாசித்தார்கள். தோட்டத்து ஆட்கள் யாருக்கும் அது காதில் ஏறவில்லை.

இப்போது தெரிகிறதா, அந்தக் கழுத்துப்பட்டிக்காரர் என்னிடம் எதை வெளியே வைக்கச் சொன்னார் என்று?

பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. இரண்டு வழிதான் இருக்கிறது என்று சொன்னேன். பதிவோடு போனால் பரிசு கிடைக்கலாம், தப்போடு போனால் ஸ்பீக்கரும் இல்லை, புள்ளியும் இல்லை. மாகாண மேடைக்கு நம் பள்ளிக்கூடம் வந்ததே இதுதான் முதல் தடவை, சான்றிதழ் ஆசை பிள்ளைகளுக்கு இருக்கும்தானே. அவர்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். தர்சினி தப்பை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டே, "பாட்டு எங்களுக்குத் தெரியும் டீச்சர். ஸ்பீக்கர் இல்லாட்டி என்னா, சத்தமா பாடுறோம்" என்றாள். நான் நேரே அவரிடம் போனேன். உங்கள் ஸ்பீக்கரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு மேடை மட்டும் போதும் என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். கேட்க எனக்கு நேரமில்லை.

மேடையேறும்போது ஒலிபெருக்கி பார்க்கிற சிங்களப் பையன் எங்களைத் தடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் குனிந்து இரண்டு மைக்கைத் தப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தான். "கஹன்ன மிஸ்" என்றான். அடிங்க என்கிறான். பதிவு போடக்கூடாது என்றுதான் அவனிடம் சொல்லியிருக்கிறார்கள், மைக்கைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

முதலில் சபை சிரித்தது. முன்வரிசையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நம் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், சலவைக்காரிகளாக, வெறுங்காலோடு. பாடத் தொடங்கினார்கள். உன் கசெட்டில் பித்தளைக் குழல்கள் எழும் இடத்தில் எதுவும் எழவில்லை. மண்டபம் வெறுமையாகக் கிடந்தது. அடுத்த அடி தர்சினி அடித்தாள். அக்காவும் தங்கச்சியும் மாறி மாறி அடிக்க, பின்னால் நின்றவர்கள் மேடைப் பலகையில் காலால் போட்டார்கள். கையும் காலும் சேர்ந்துவிட்டது. பலகை அதிர்ந்தது. சிரித்தவர்கள் எப்போது நிறுத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. நடுவரிசையில் சுப்பையா அண்ணன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்தது. சந்தோசத்தில் என்று நினைக்காதே. இதைப் பார்க்க நீ இல்லாமல் போனாயே என்ற ஆத்திரத்தில் வந்தது.

முடிந்ததும் நடுவராக வந்திருந்த கொழும்பு அம்மா ஒருவர் மேடைக்குக் கிட்ட வந்து, அது என்ன வாத்தியம் என்று இங்கிலீசில் கேட்டார். தர்சினி நிமிர்ந்து நின்று, "தப்பு, மேடம்" என்றாள். அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஓ, டப், அமெரிக்க டப், ரொம்பப் பொருத்தம் என்று தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். தர்சினி உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தேன். நீ இருந்திருந்தால் அந்த இடத்திலேயே சிரித்து மானத்தை வாங்கியிருப்பாய்.

பரிசு கிடைக்கவில்லை. அது தெரிந்த விசயம்தான். பஸ்ஸில் வரும்போது பிள்ளைகள் நிவித்திகல வரைக்கும் இருக்கையில் தட்டிக்கொண்டே வந்தார்கள்.

வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவவில்லை, பள்ளிக்கூடத்து அதிபர் போன் எடுத்துவிட்டார். விழாக்குழுவிலிருந்து முறைப்பாடு போயிருக்கிறது. சொன்ன சொல்லை மீறினோமாம், பள்ளிக்கூடத்தை அடுத்த முறை கூப்பிட மாட்டார்களாம். அதிபர் கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும், பயந்த சுபாவம். "எதுக்கு டீச்சர் வம்பு. தப்பு நடந்திருச்சுன்னு ரெண்டு வரி எழுதி ஒரு கையெழுத்தப் போட்டுக் குடுங்க. முடிஞ்சிரும்" என்றார். சரி சேர், எழுதித் தருகிறேன் என்றேன். உடனே ஒத்துக்கொண்டதில் அவருக்கே ஆச்சரியம்.

உன் கசெட்டுகள் உன் அண்ணனிடம் இருக்கின்றன. அந்தச் சின்னப் புத்தகம் வெள்ளத்தில் போய்விட்டது. என்னிடம் இருப்பது உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட பிடிவாதம் ஒன்றுதான், அது இப்போது நன்றாகவே வேலை செய்கிறது. உனக்கு எழுதி முடித்ததும் அவருக்கு எழுதப்போகிறேன். அவர் கேட்ட சொல்லை மாற்ற மாட்டேன். ஐயா, தப்பு நடந்தது உண்மை. மேடைக்கு நடுவில், எல்லார் கண்ணுக்கும் முன்னால், எங்கள் பிள்ளைகள் கையால் நடந்தது. இனியும் நடக்கும்.